கடலைக் கொல்லையில் நடந்த வகுப்பு

என் அத்தையின் நாற்பது பக்க நோட்டுகளில் ஒன்று இப்போது என் மேசை மேல் இருக்கிறது. அட்டை போய்விட்டது, ஓரங்களைக் கரையான் கொஞ்சம் தின்றிருக்கிறது. 1992ஆம் ஆண்டு பங்குனி மாதத்துக்கான பக்கத்தில் மேலே ‘வகுப்பு’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே பத்துப் பெண்களின் பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேராக அந்தப் பெண் அன்றைக்கு யாருடைய கொல்லைக்கு வேலைக்குப் போகிறார் என்பதையும் குறித்து வைத்திருக்கிறார். வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய ஆசிரியையின் கையும், ஊரில் யார் கொல்லையில் என்றைக்குக் கடலை பறிப்பு என்பதை மனப்பாடமாக வைத்திருந்த விவசாயியின் கணக்கும் அந்த ஒரே பக்கத்தில் சேர்ந்திருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் ஊருக்குச் செய்துவரும் வேலைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பக்கம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில், ஆலங்குடி வட்டத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கே ‘டீச்சர்’ என்று மட்டும் சொன்னால் அது அத்தையைத்தான் குறிக்கும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து, கடைசியில் தலைமையாசிரியையாக 2019 மே மாதம் ஓய்வு பெற்றார். ஈராசிரியர் பள்ளி என்பதால் ஐந்து வகுப்புகளையும் இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்றவர் ஐந்தையும் பார்க்க வேண்டும். அதோடு மாமாவும் அவரும் சேர்ந்து இரண்டு ஏக்கர் புஞ்சையும் கண்மாய்க்குக் கீழே கொஞ்சம் வயலும் வைத்திருந்தார்கள். மும்முனை மின்சாரம் எந்த நேரத்துக்கு வருகிறதோ அந்த நேரத்துக்கு எழுந்து மோட்டார் போட்டு, பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற்றிவிட்டு, கால்களைக் கழுவிக்கொண்டு பள்ளிக்குப் போவார். மாத வருமானம் வரும் வேலை கிடைத்த பிறகும் மண்வெட்டியை ஏன் விடவில்லை என்று அவரிடம் கேட்டவர்கள் உண்டு. அதற்கு அவர் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அந்த மண்வெட்டியை விட்டிருந்தால் மற்ற எதையும் அவரால் செய்திருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

1988இல் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினரும் ஆசிரியர்களும் படித்த இளைஞர்களும் ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், தொண்டர்களைச் சேர்த்தார்கள். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது கணக்கு, ஊதியம் கிடையாது. அத்தைக்கு அப்போது முப்பது வயது. எனக்கு எட்டு வயது. அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நடப்பது என் வேலை.

முதல் வகுப்பு தோற்றது. மாலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் வகுப்பு என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு, கரும்பலகையைத் துடைத்து, விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டு அத்தை காத்திருந்தார். முதல் நாள் இரண்டு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் வரவில்லை. அடுத்த வாரமும் அப்படித்தான். ஆசிரியையாக மட்டும் இருந்திருந்தால் அவர் ‘இவர்களுக்கு ஆர்வம் இல்லை’ என்று அறிக்கை எழுதியிருக்கக்கூடும். அந்தக் காலத்தில் அப்படி எழுதப்பட்ட அறிக்கைகள் எத்தனையோ. ஆனால் ஆறு மணிக்கு அந்தப் பெண்கள் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். கொல்லையிலிருந்து திரும்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, ஊருணிக்குப் போய்க் குடத்தை நிரப்பி, அடுப்பில் உலை வைத்திருப்பார்கள். எட்டரை மணிக்கு மேல்தான் உட்கார முடியும். உட்கார்ந்தால் கண் சொக்கிவிடும். தவிரவும், தங்கள் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் தாங்கள் உட்கார்ந்து எழுத்துக் கூட்டுவதை அடுத்த வீட்டுக்காரர் பார்ப்பார் என்ற கூச்சமும் அவர்களுக்கு இருந்தது.

பங்குனியில் கடலை பறிப்புத் தொடங்கியது. மார்கழிப் பட்டத்தில் விதைத்த கடலை நூறு நாளைத் தாண்டியதும் செடியைப் பிடுங்கிக் குவித்து, மர நிழலில் வட்டமாக உட்கார்ந்து காயைச் செடியிலிருந்து ஆய்வார்கள். குனிந்து பறிக்கும் வேலை கடினம். ஆயும் வேலையில் கைகள் ஓடிக்கொண்டிருக்கும், வாயும் காதும் சும்மா இருக்கும்; அதனால்தான் ஊர்க் கதைகள் எல்லாம் அந்த நிழலில் பேசப்படும். அத்தை வகுப்பை அங்கே கொண்டுபோனார். சனி, ஞாயிறுகளில் அவரும் செடிக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து மற்றவர்களைப் போலவே காய் ஆய்ந்துகொண்டே, நடுவில் கிடந்த பலகையில் எழுதிக் காட்டுவார். மற்ற நாட்களில் பள்ளி விட்டதும் நேராகக் கொல்லைக்கு வந்துவிடுவார். பள்ளிக்கு வந்து உட்காரக் கூசிய பெண்கள் இங்கே கூசவில்லை. இது அவர்களுடைய இடம், இங்கே டீச்சர்தான் விருந்தாளி.

அறிவொளிப் பாடநூல் அ, ஆ என்று தொடங்காது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரேயின் வழியில், கற்கிறவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்த சொற்களைக் கொண்டு தொடங்கும். முதல் பாடத்திலேயே ‘பட்டா’, ‘படி’ என்ற சொற்கள் வரும். பலகையில் அத்தை ‘படி’ என்று எழுதிக் காட்டியதும் ஒரு பெண்மணி, “டீச்சர், படின்னா எங்களுக்குக் கூலி அளக்குற படிதான் தெரியும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “அதைத்தான்க்கா எழுதப் போறோம்” என்றார் அத்தை. ஆய்ந்த காயை அளந்து அதில் இத்தனைக்கு இத்தனை என்று காயாகவே கூலி கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் அப்போது இருந்தது. அன்று சாயங்காலம் ஒவ்வொருவருக்கும் எத்தனை படி கூலி என்பதைக் கோடுகளாகவும் எண்களாகவும் அவர்களே சிலேட்டில் எழுதினார்கள். மறுநாள் முதல் கொல்லைக்காரருடைய கணக்குக்குப் பக்கத்தில் இவர்களுடைய கணக்கு ஒன்றும் இருந்தது. அதனால் சண்டை ஏதும் வரவில்லை, அளக்கிறவர் மட்டும் கொஞ்சம் நிதானமாக அளக்கத் தொடங்கினார் என்று அத்தை சொல்வார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஊர்த் தெருவில் இருக்கும் கோயில் மண்டபத்தில் வகுப்பு வைக்கலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். காலனிப் பெண்கள் அங்கே வந்து உட்கார முடியாது என்பதைச் சொன்னவர்களும் அறிவார்கள். காலனியில் வைத்தால் தெருப் பெண்கள் போக மாட்டார்கள். கொல்லையில் இரு பக்கத்துப் பெண்களும் ஒரே குவியலைச் சுற்றி உட்கார்ந்து வேலை செய்வது காலங்காலமாக நடப்பது. கூலிக்காக உட்கார்ந்த வட்டத்தில் யாரும் குறை காண்பதில்லை. அந்த வட்டத்தை அத்தை அப்படியே வகுப்பாக்கிக்கொண்டார். சாதியை அவர் ஒழித்துவிட்டார் என்று நான் எழுத மாட்டேன். வகுப்பு முடிந்து தண்ணீர் குடிக்கும்போது குவளைகள் தனித்தனியாகத்தான் இருந்தன, முதல் சில வாரங்களுக்கு. பிறகு அத்தை தன் வீட்டுச் சொம்பு ஒன்றை மட்டும் கொண்டுவந்து வைத்து, தானும் அதிலேயே குடித்தார். இரண்டு பெண்கள் அதற்குப் பிறகு வரவில்லை. அவர்களுடைய வீட்டுக்கு அத்தை பலமுறை போனார். ஒருவர் திரும்பி வந்தார்.

‘பட்டா’ என்ற சொல் வேறு விதமாக வேலை செய்தது. உங்களில் யார் பெயரில் பட்டா இருக்கிறது என்ற கேள்வி பாடத்தோடு சேர்ந்து தானாகவே எழுந்தது. பத்துப் பேரில் ஒருவர் பெயரிலும் இல்லை. ஐந்து பேருக்குக் குடும்பத்தில் நிலமே இல்லை. மற்றவர்களுக்கு மாமனார் பெயரிலோ கணவர் பெயரிலோ இருந்தது. “டீச்சருக்கு?” என்று கேட்டார்கள். அத்தையின் சம்பளப் பணத்தில் வாங்கிய ஒரு ஏக்கர்கூட மாமாவின் பெயரில்தான் இருந்தது. அன்று இரவு வீட்டில் அவர் இதைப் பற்றிப் பேசினார். மாமா அதிகம் பேசுகிறவர் அல்லர். ஒரு வாரம் கழித்து, கூட்டுப் பட்டாவுக்கு மனு எழுதச் சொன்னார். மனுவை அத்தை எழுதினார். தான் எழுதிய அந்த மனுவின் நகலையே அடுத்த பாடத்துக்கு வாசிப்புப் பயிற்சியாக வைத்தார்.

சைக்கிளைப் பற்றிப் பலரும் நிறைய எழுதிவிட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அறிவொளியின் ஒரு பகுதியாகப் புதுக்கோட்டைப் பெண்கள் பெருவாரியாகச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் நாளன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். எங்கள் ஊரில் பயிற்சி நடந்தது வற்றிக் கிடந்த கண்மாயின் உட்புறத்தில். விழுந்தால் அடி படாத வண்டல் தரை. மரமோ வேலியோ குறுக்கே இல்லை. கரை உயரமாக இருந்ததால் தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் அத்தைதான். மாமாவின் ஆண்கள் சைக்கிளில் அவரே முதலில் விழுந்து எழுந்தார். பிறகு இரண்டு குடம் தண்ணீரை இரு பக்கமும் கட்டிக்கொண்டு, முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போகிற பெண்களை எங்கள் சாலைகளில் எல்லோரும் பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு அத்தையின் சொந்தக் கடலை நன்றாக விளையவில்லை. கடலைக்கு நாற்பது, நாற்பத்தைந்தாவது நாள் வாக்கில் ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும். பூவிலிருந்து இறங்கும் விழுது மண்ணுக்குள் போவதற்கு அப்போதுதான் மண் இளகி உயர்ந்திருக்க வேண்டும். தொண்டர் பயிற்சி முகாம், வீடு வீடாகக் கணக்கெடுப்பு என்று அவர் அலைந்த நாட்களில் அந்தப் பருவம் தவறிப்போனது. தாமதமாக மண் அணைத்தபோது விழுதுகள் அறுந்தன. பறிக்கும்போது பாதிக்குப் பாதி பொக்கு, உள்ளே பருப்பில்லாத வெறும் காய். மாமா ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாததுதான் அத்தைக்குத் தாங்க முடியவில்லை என்று அம்மா பின்னாளில் என்னிடம் சொன்னார். தொண்டு என்றால் ஓய்வு நேரத்தில் செய்வது என்று பலரும் எண்ணுகிறார்கள். விவசாயிக்கு ஓய்வு நேரம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஊருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பயிரிடமிருந்தோ பிள்ளைகளிடமிருந்தோ எடுத்துக் கொடுப்பதுதான். என் அத்தை மகன் இன்றைக்கும் தன் அம்மாவின் மேல் கொஞ்சம் கோபத்தோடு இருக்கிறான். அவனுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் இரவில் அவர் வகுப்பில் இருந்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன். அத்தையும் அப்படித்தான் நினைக்கிறார்.

இயக்கத்தின் வேகம் ஓரிரு ஆண்டுகளில் அடங்கியது. பாடநூல் வருவது நின்றது, நாடகக் குழுக்கள் கலைந்தன. கூட்டிக் கூட்டிப் படித்தவர்கள் படிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் மறந்துபோனார்கள். பத்துப் பேரில் நான்கு பேர் மட்டும் தொடர்ந்து எதையாவது வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்குக் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. இந்த எண்ணிக்கையும் நோட்டில் இருக்கிறது. வெற்றி விழா நடந்த பிறகும் இரண்டு ஆண்டுகள் அவர் ஆடியிலும் பங்குனியிலும் எல்லோரையும் பார்த்து, படிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். மேலிருந்து யாரும் கேட்காத கணக்கு அது. அதற்குப் பிறகு அவர் தனியாக வகுப்பு என்று எதையும் நடத்தவில்லை. ரேஷன் கடைப் பலகையையும் பேருந்துப் பலகையையும் மருந்துச் சீட்டையும் படித்துக்காட்டச் சொல்வார், தவறினால் திருத்துவார். தெருவில் அவர் எதிரே வந்தாலே சிலர் வேறு பக்கம் திரும்பிப் போனதுண்டு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள்.

நடுவில் கண்மாய் வேலைகள் வந்தன. எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துவாரி, மேலே தைலமரக் காடுகளுக்காக எடுத்த வரப்புகளாலும் சீமைக்கருவேலத்தாலும் பல இடங்களில் அடைபட்டிருந்தது. 2017இல் குடிமராமத்தும் வண்டல் எடுக்கும் அனுமதியும் வந்தபோது எல்லோரும் கண்மாயின் உள்ளே மண் எடுப்பதிலேயே கவனமாக இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வரத்துவாரியின் முழு நீளத்தையும் நடந்து, எங்கே அடைப்பு, யார் நிலத்து ஓரம் என்று வரைபடம் எழுதியவர் அத்தை. அந்த வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் வேலை செய்தார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. கடந்து மேற்கே எங்களையும் மிதித்துவிட்டுப் போனது. கடற்கரையிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருக்கும் எங்களுக்குப் புயல் என்பது வானொலிச் செய்தியாகத்தான் இருந்துவந்தது. விடிந்தபோது தென்னந்தோப்புகளில் வானம் தெரிந்தது. மூன்று தலைமுறைப் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. மின்கம்பங்கள் ஒடிந்து வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. ஆழ்துளைக் கிணறுகளை நம்பியிருக்கும் ஊரில் மின்சாரம் இல்லை என்றால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்று பொருள். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, மேல்நிலைத் தொட்டியை நாள்விட்டு நாள் நிரப்பும் வேலையை ஊர் இளைஞர்கள் எடுத்துக்கொண்டார்கள். கணக்கு நோட்டு டீச்சரிடம் இருந்தது. பள்ளிக் கூரையின் ஓடுகள் பறந்துவிட்டதால் பள்ளி திறந்தபோது வகுப்பு புளியமரத்தடியில் நடந்தது.

விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய் இழப்பீடு, அதை வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதைப் பெறுவதற்கு மரங்களை எண்ண வேண்டும். எண்ணுகிற அலுவலர் ஒருவர், தோப்புகளோ நூற்றுக்கணக்கில். அலுவலர் வருவதற்குள் சிலர் மரத்தை அறுத்துப் பாதையைத் திறந்திருப்பார்கள். பிறகு அது இருந்ததற்குச் சாட்சி என்ன? அத்தையும் அவரிடம் முன்பு படித்த பிள்ளைகள் எட்டுப் பேரும் தோப்புத் தோப்பாகப் போய், வெட்டும் முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் சுண்ணாம்பால் எண் போட்டு, உரிமையாளரை நிற்க வைத்துக் கைபேசியில் படம் எடுத்து, சர்வே எண்ணோடு நோட்டில் எழுதினார்கள். அலுவலர் வந்தபோது அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துச் சரிபார்த்தார். வேலை அவருக்கும் எளிதானது. சிட்டாவில் பெயர் இல்லாமல் குத்தகைக்குத் தோப்பு வைத்திருந்தவர்களின் நிலைமைதான் மோசம். பணம் பட்டாதாரரின் கணக்குக்குப் போகும். உரம் போட்டவர், தண்ணீர் பாய்ச்சியவர் வெறும் கையோடு நிற்பார். அத்தை இரு தரப்பையும் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பேசினார். சில இடங்களில் பாதிக்குப் பாதி என்று முடிந்தது. சில இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. நடக்காதவற்றையும் அவர் எழுதித்தான் வைத்திருக்கிறார்.

அந்த நாட்களில் நடந்த ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. 1992இல் கடலைக் கொல்லையில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட பெண்மணி ஒருவர், அந்தக் கையெழுத்தைக் கொண்டே வங்கிக் கணக்குத் தொடங்கியிருந்தார். இழப்பீட்டுப் பணத்தை எடுக்கப் போனபோது கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுபதை நெருங்கும் கை. மூட்டுகள் வீங்கி, பழைய எழுத்தை அந்தக் கையால் திரும்ப எழுத முடியவில்லை. அவர் அத்தையிடம் வந்து அழுதுகொண்டே, “கைநாட்டாவே இருந்திருந்தா பணம் கெடைச்சிருக்கும் டீச்சர்” என்றார். அத்தை ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் முதல் ஒன்பது நாட்கள், காலையில் அரை மணி நேரம், அந்த அம்மாவின் பழைய கையெழுத்து இருந்த தாளை எதிரே வைத்துக்கொண்டு இருவரும் எழுதிப் பழகினார்கள். பிறகு சேர்ந்து வங்கிக்குப் போய், புதிய கையெழுத்து மாதிரியைப் பதிவு செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்து, பணத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். கைநாட்டுக்கு மாற்றிவிடலாம் என்று வங்கியில் சொன்னதற்கு மறுத்தவர் அந்த அம்மாதான்.

பணம் வந்த பிறகும் வேலை முடியவில்லை. தோப்புகளில் கிடந்து மக்கும் தென்னைத் தண்டுகளில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பெருகினால் புதிதாக நடும் கன்றுகளின் குருத்தைத்தான் முதலில் துளைக்கும். இதைப் புயலுக்குப் பத்து நாட்களுக்குள்ளேயே அத்தை எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார். வீடு இழந்து நின்றவர்களிடம் வண்டைப் பற்றிப் பேசுகிறாரே என்று அப்போது எனக்கே வருத்தமாக இருந்தது. அடுத்த ஆண்டு, தண்டுகளை அகற்றாமல் விட்ட தோப்புகளில் நட்ட கன்றுகளைப் பார்த்தபோதுதான் அந்த அவசரம் எனக்குப் புரிந்தது.

ஓய்வு பெற்ற மறு ஆண்டு, 2020 மார்ச்சில், பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. எங்கள் பகுதியில் முல்லையும் மல்லிகையும் பயிராவதால் பிள்ளைகள் அம்மாக்களோடு விடியற்காலையில் பூப் பறிக்கப் போகத் தொடங்கினார்கள். பூ சந்தைக்குப் போய்ச் சேரும் வரை யாரையும் கூப்பிட முடியாது. பூப் பறிப்பு முடிந்து, கஞ்சி குடித்து, வெயில் ஏறும் பத்து மணிக்கு அத்தையின் களத்துக் கொட்டகையில் ஆறு ஆறு பேராகப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். நான்காம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடவித் தடவிப் படித்ததை அவர் என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது, அவர் குரல் கம்மியதை நான் முதல் முறையாகக் கேட்டேன். 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தரும் தன்னார்வலராக எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண் சேர்ந்தாள். அத்தையிடம் ஒன்றாம் வகுப்புப் படித்தவள். அறிவொளி வட்டத்தில் உட்கார்ந்த ஒருவரின் பேத்தி. அத்தை தன் கொட்டகையையும் கரும்பலகையையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். சொல்லித்தருவதில் குறுக்கிட மாட்டார். எந்தப் பிள்ளை வரவில்லையோ அந்த வீட்டுக்குப் போய்வருவது மட்டும் தன் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று ஊரில் சிலர் இரண்டு முறை முயன்றார்கள். இரண்டு முறையும் அவர் வர இயலாது என்று சொல்லிவிட்டார். சேவை என்ற சொல்லையே அவர் பயன்படுத்தி நான் கேட்டதில்லை, ‘வேலை’ என்பார். அந்தச் சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. வேலைக்குப் பருவம் உண்டு, நேரம் உண்டு, கணக்கு உண்டு. சரியாகச் செய்யாவிட்டால் பொக்கு விழும்.

இந்தப் பங்குனியில் நான் ஊருக்குப் போயிருந்தபோது அவர் புதிய நோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்களின் கைபேசிக்கு வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது. பணம் வந்ததா போனதா என்பதை யாரிடமாவது காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, காட்டுகிற இடத்தில் ஏமாந்தவர்களும் இருக்கிறார்கள். கிரெடிட், டெபிட், பேலன்ஸ் என்று மூன்றே மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒவ்வொருவருடைய கைபேசியிலும் வந்த பழைய செய்திகளை அப்படியே படியெடுத்து வைத்திருந்தார். பதினான்கு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு கொல்லையின் பெயர். நாளை மறுநாள் மேலக் கொல்லையில் கடலை பறிப்பு, ஆய்வதற்கு எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பாயி ரெண்டும் தண்ணிக் குடமும் நீ எடுத்துட்டு வந்துரு ஆயி” என்றார்.